நூல் சுற்றிய பேனா

தம்பி,

உன் மாமியார் வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து விமானம் ஏறுகிறார். காவ்யாவுக்கான பிரசவ லேகியமும் பருப்புப் பொடியும் போக, பெட்டியின் ஓரத்தில் எனக்கும் ஒரு சாண் இடம் தருவதாகச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு பேனாவும் இந்தக் கடிதமும் வருகின்றன. பேனாவை முதலில் எடுத்துப் பார்ப்பாய், பரவாயில்லை. கடிதத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து படி. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சாப்டீங்களாப்பா" என்று கேட்பாய், நான் "ஆச்சுடா" என்பேன், அங்கே எவ்வளவு குளிர், இங்கே எவ்வளவு வெயில் என்று பேசிக்கொண்டிருப்போம், ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். நான்கு வருஷமாக நாம் இரண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

முதல் பேனாவிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு ஜெர்மனி வேலைக்கான விசா வந்த மறுநாள் நான் பேத்தமங்களா ரோட்டில் இருக்கிற மரம் அறுக்கும் மில்லுக்குப் போனேன். ரிட்டயர் ஆன பிறகு கொட்டகையில் சின்ன லேத்தைப் போட்டு தேக்கிலும் ரோஸ்வுட்டிலும் பேனா கடைந்துகொண்டிருந்தேன் அல்லவா, உனக்கு அதெல்லாம் போதாது என்று தோன்றியது. ஊரிலேயே கெட்டியான மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். மில்லில் ஆச்சா மரத்துத் துண்டு ஒன்று கிடந்தது. கையில் எடுத்தால் இரும்பு மாதிரி கனம், தண்ணீரில் போட்டால் அப்படியே மூழ்கும். மில்காரர் முனிரத்தினம் அதை என் கையில் கொடுக்கத் தயங்கினார். "ஸார், இது ஹசி. உள்ள இன்னும் பச்சையா கீது. ஒரு வருஷமாச்சும் நெழல்ல போட்டு வைங்க. இல்லாட்டி வெடிச்சு விட்டுக்கும்" என்றார். நான் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். முப்பத்து நான்கு வருஷம் ஃபேக்டரியில் டர்னர் வேலை பார்த்தவன். மண்வாரி இயந்திரங்களுக்குத் தொடை கனத்தில் இரும்பு பின் கடைந்தவன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் இன்ஸ்பெக்ஷனில் திரும்பி வந்துவிடும் வேலை அது. இந்தச் சுண்டுவிரல் கட்டை என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

நீ கிளம்பப் பதினோரு நாள் இருந்தது. உன் அம்மா காபியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "காயாத கட்டைன்னு மில்காரர் சொன்னாருன்னு நீங்களேதான சொன்னீங்க. அப்புறம் இன்னாத்துக்கு அவசரம்? நெதானமா செஞ்சு பார்சல்ல அனுப்பலாம் இல்ல?" என்றாள். "அவன் கையில குடுத்து அனுப்பணும்டி" என்றேன். "கையில குடுக்கறது முக்கியமா, அது நல்லா இருக்கறது முக்கியமா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு லேத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் பேனா முடிந்தது. பளபளவென்று, செங்கல்லும் கருப்பும் கலந்த நிறத்தில், ரேகை ரேகையாக அழகாகத்தான் இருந்தது. ஏர்போர்ட்டில் உன் சட்டைப் பையில் நானே குத்திவிட்டேன். நீ குனிந்து அதைப் பார்த்துவிட்டு "இன்னாப்பா, இவ்ளோ கனமா கீது" என்று சிரித்தாய். உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அதற்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தப் பேனாவைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் உன்னிடம் கேட்கவில்லை. உன் அம்மாவிடம்தான் கேட்பேன், "தம்பி அந்தப் பேனாவுல எழுதறானாமா?" என்று. "எழுதறான், எழுதறான். நல்லா எழுதுதாம்" என்பாள். எனக்கு அது போதும். லேத்தைத் துடைத்து வைக்கும்போது அந்த நினைப்பு வரும், எங்கோ பனி பெய்கிற ஊரில் என் கை கடைந்த ஒன்றால் என் பிள்ளை கையெழுத்துப் போடுகிறான் என்று.

உன் கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். நீ சமையலறைப் பக்கம் போயிருந்தாய். காவ்யா போனை எடுத்துக்கொண்டு வீட்டைக் காட்டினாள். மேசை, அலமாரி, ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர். பிறகு மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி, "மாமா, இந்த நூல் சுத்துன பேனாவை இவரு தூக்கிப் போடவே மாட்டேங்கறாரு. புதுசு வாங்கித் தர்றேன்னா கோவம் வருது. அப்படி என்ன மாமா இதுல?" என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பேனாவின் இடுப்பில் ஒரு அங்குலத்துக்குக் கருப்புத் தையல் நூல் நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவியிருந்தது. அந்த நூலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரு கோடு, முனையிலிருந்து முனைவரை நேராக ஓடியிருந்தது.

நீ திரும்பி வந்து அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சின்ன வயதில் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டை மறைத்தபோதுகூட நீ அப்படி விழித்ததில்லை. "மொத குளிர்லயே விட்டுச்சுப்பா" என்றாய். "அம்மாகிட்ட சொன்னேன். அப்பாக்கு தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சிடுவாருன்னு அம்மாதான் சொன்னாங்க. நூல் சுத்தச் சொன்னதும் அவங்கதான்."

நான் "அதனால இன்னா, மரம்னா அப்படித்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய் உட்கார்ந்தேன். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. பேனா விரிசல் விட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் இதை மனசில் வைத்துக்கொண்டு "நல்லா எழுதுதாம்" என்று எத்தனை தடவை சொன்னாள்! அவள் உயிரோடு இருந்திருந்தால் "ஏண்டி மறைச்சே" என்று சண்டை போட்டிருப்பேன், அவளும் விடாமல் பதில் சொல்லியிருப்பாள், அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லாத கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருட்டுவதற்குள் எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காவ்யாவிடம் சொல்லி, நூலைப் பிரிக்காமல் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். போனில் பெரிதாக்கிப் பார்த்தபோது என் குற்றம் தெளிவாகத் தெரிந்தது. இரும்பைக் கடைகிறவன் புத்தியோடு நான் மரத்தைக் கடைந்திருந்தேன். பேனாவின் உள்ளே ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது, அதன்மேல்தான் மரம் ஒட்டியிருக்கும். உன் வீட்டு ஹீட்டர் காற்றில் பச்சை மரம் காய்ந்து சுருங்கப் பார்த்திருக்கிறது. உள்ளே இருக்கிற பித்தளை சுருங்குமா? இடம் கொடுக்கவில்லை. மரம் விட்டுக்கொண்டது. அது போதாதென்று, முனையில் நிப் பொருத்துகிற வளையத்தை ஃபேக்டரி வழக்கப்படி இறுக்கமாக அழுத்திச் செருகியிருந்தேன். விரிசல் தொடங்கியது சரியாக அந்த இடத்தில்தான்.

அன்றே கட்டிலுக்கடியில் கிடந்த மிச்ச ஆச்சாத் துண்டை இழுத்தேன். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே கிடந்ததால் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. அவ்வளவு கெட்டியான மரத்தில் மேல்தோல்தான் காயும், வயிற்றுக்குள் ஈரம் அப்படியே இருக்கும். முனைகளில் வெடித்திருந்த பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டு, நடுப்பகுதியில் விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆறு கட்டைகள் அறுத்தேன். மரம் முனை வழியாகத்தான் ஈரத்தை அவசரமாக விடும், அவசரமாக விட்டால் வெடிக்கும். அதனால் மெழுகுவர்த்தியை உருக்கி ஆறு கட்டைகளின் முனைகளையும் அதில் முக்கி எடுத்தேன். சமையலறைத் தராசில் ஞாயிறுதோறும் நிறுத்து, எடையைக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதினேன். உன்னோடு பேசி முடித்த பிறகு அதுதான் என் வேலை. ஒவ்வொரு வாரமும் ஒரு கிராம், அரை கிராம் என்று குறைந்துகொண்டே வந்தது. ஒரு மாதம் முழுக்க எடை அசையாமல் நின்றபோது ஏழு மாதம் ஆகியிருந்தது.

இந்த ஏழு மாதத்தில் நான் பேசிய பேச்சைவிட அந்தக் கட்டைகள் அதிகம் பேசியிருக்கும். நம் தெரு உனக்குத் தெரியும். காலையில் பெங்களூர் ரயிலுக்கு ஆட்கள் ஓடி முடிந்தால், மாலை அவர்கள் திரும்புகிறவரை கேட் திறக்கிற சத்தம்கூடக் கேட்காது. பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்வதோடு சில நாள் என் வாய்க்கு வேலை முடிந்துவிடும். கடுகு எங்கே இருக்கிறது என்று ஒருநாள் உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டுவிட்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து நானே தேடினேன்.

முதல் கட்டை துளை போடும்போதே போயிற்று. வேகமாக ஓட்டினேன், துளையில் அடைத்த தூள் சூடேறிப் புகைந்தது, கட்டை 'டிக்' என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். இரண்டாவதில் மெதுவாகத் துளைத்தேன், கால் அங்குலத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளைத் தட்டினேன், கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சூடு தணிந்த பிறகு மறுபடி போனேன். கடைசியில் துளை மறுபக்கம் வெளியே வருகிற இடத்தில் சில்லு பெயர்ந்தது. மூன்றாவதில் துளை முழுவதும் போகாமல் நிறுத்தி, மிச்ச நுனியை ரம்பத்தால் அறுத்துவிட்டேன். அது பிழைத்தது. பிழைத்தது என்று அதே நாளில் குழாயை ஒட்டியிருந்தால் பழைய கதைதான். துளை விழுந்த பிறகுதான் மரத்தின் உள்வயிறு முதல்முறையாகக் காற்றைப் பார்க்கிறது, அது கொஞ்சம் அசையும். இன்னும் ஆறு வாரம் போட்டு வைத்தேன். பிறகு பார்த்தால் துளை ஒரு இழை கோணியிருந்தது. அதைச் சரிசெய்து, குழாய் இறுக்கமாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற அளவுக்குத் துளையைத் தளர்த்தி, உடனே பிடிக்கிற பசையை விட்டுவிட்டு இறுக ஒருநாள் முழுக்க எடுத்துக்கொள்கிற, இரண்டு ட்யூபைக் கலந்து பூசுகிற பசையால் ஒட்டினேன். அந்தப் பசை கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

அந்த மூன்றாவதும் உனக்கு வரவில்லை. உப்புத்தாள் போடும்போது போன் அடித்தது, நீ என்று நினைத்து அவசரமாக அழுத்தித் தேய்த்துவிட்டேன். ஏதோ பேங்க் விளம்பரம். திரும்பி வந்து பார்த்தால் மயிரிழை மாதிரி இரண்டு கோடுகள். தேய்க்கிற சூடே போதும் அந்த மரத்துக்கு. நான்காவதில் குழாய்க்குள் ஒழுகி இறுகியிருந்த பசையைச் சுரண்டாமல் வளையத்தைச் செருகினேன், குழாய் பிதுங்கி மரத்தைப் பிளந்தது. ஐந்தாவது எதனால் போயிற்று என்று எனக்கே தெரியாது. ஆறாவதுதான் உன் கையில் இருக்கிறது. மெருகு போட வேண்டிய வாரத்தில் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது, அந்தப் பொடி ஒட்டினால் எல்லாம் வீண் என்று ஒன்பது நாள் கொட்டகையைத் திறக்கவே இல்லை. வெளிப்பக்கம் மட்டுமில்லாமல் முனைகளுக்கும் மெருகு பூசியிருக்கிறேன், ஈரம் அவசரமாக உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே.

இனி எழுதப்போவதைப் பேனாவோடு சேர்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ ஒரு விரிசலை மறைத்தாய் என்று பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தவன் நான். நான் உன்னிடம் மறைத்தது எது என்று உனக்குப் பாதிதான் தெரியும்.

அம்மாவை அட்மிட் பண்ணிய அன்றே அவள் போகவில்லை. "திடீர்னு ஆயிடுச்சு" என்று உன்னிடமும் சொந்தக்காரர்களிடமும் சொன்னேன். கோலார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நினைவோடு இருந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் பேசினாள். அந்த ஐந்து நாளும் அம்மாவோடு பேச நீ போன் செய்தாய். ஒருநாள் குளிக்கிறாள் என்றேன், ஒருநாள் தூங்குகிறாள் என்றேன், ஒருநாள் பேத்தமங்களாவில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். நீ அங்கே வேறு கம்பெனிக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, லீவு கேட்டால் வேலை நிலைக்காது என்று நீயே ஒருமுறை சொல்லியிருந்தாய். அதைத்தான் காரணமாக வைத்துக்கொண்டேன். உண்மையான காரணம், உனக்குச் சொன்னால் அவளுக்கு ஏதோ ஆகிவிடும் என்பதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம்.

மூன்றாம் நாள் காலை அவள் கேட்டாள். "தம்பிக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். லீவு கேட்டுக்கினு கீறான். வந்துடுவான்" என்றேன்.

"டிக்கெட்டு போட்டுட்டானா?"

"போட்டுட்டான்."

அவள் முகம் தெளிந்தது. நர்சிடம் கேட்டு ஒரு சீப்பு வாங்கித் தலை வாரிவிடச் சொன்னாள். எனக்குச் சரியாக வாரத் தெரியவில்லை. "கோணயா கீது பாருங்க, அவன் சிரிப்பான்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளும் வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ வந்து சேர்ந்தபோது உன்னை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

அம்மாவின் தலையை யார் வாரியது என்று மட்டும் கேட்டாய். நான்தான் என்றேன். நீ அவள் நெற்றியில் கை வைத்தாய். அன்றே உன்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நீ கோபப்பட்டிருப்பாய், கத்தியிருப்பாய், கத்தியிருக்கட்டும். அந்த வீட்டில் எனக்கு ஒரு சத்தமாவது இருந்திருக்கும். உன் அம்மா உன்னைக் கடைசிவரை எதிர்பார்த்தாள், நீ வருகிறாய் என்று நம்பினாள். உன் குரலை ஒருமுறை அவளுக்குக் கேட்க வைக்க எனக்கு ஐந்து நாள் இருந்தது. இதற்கு மன்னிப்பு கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. என் கையெழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டு போவதை நீ கவனித்திருப்பாய். காகிதத்தை மிச்சம் பிடிக்கவில்லை. போன தீபாவளிக்குப் பிறகு வலது கையில் நடுக்கம் தொடங்கியது. சும்மா இருக்கும்போது கட்டைவிரல் தானாக ஆடுகிறது, எதையாவது பிடித்தால் கொஞ்சம் நிற்கிறது. ஐந்தாவது கட்டை போனது அதனால்கூட இருக்கலாம். பெங்களூரில் நரம்பு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகாது, மாத்திரையால் பல வருஷம் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். "கூட யாரு வந்துகீறாங்க?" என்று கேட்டார். வெளியே நிற்கிறார்கள் என்று பொய் சொன்னேன். மாத்திரை சாப்பிடுகிறேன், அதற்குக் கொஞ்சம் கேட்கிறது. வீடியோவில் நான் ஏன் எப்போதும் இடது கையால் போனைப் பிடித்து முகத்தை மட்டும் காட்டுகிறேன் என்பது உனக்கு இப்போது புரியும். வலது கை மேசைக்கு அடியில் இருக்கும்.

பிரசவத்துக்கு வரச் சொல்லி நீயும் காவ்யாவும் இரண்டு தடவை கேட்டீர்கள். குளிர் ஒத்துக்காது என்றேன். குளிர் ஒரு காரணமே இல்லை. நான் காபி டம்ளரைத் தூக்கும்போது நீ பார்த்துவிடுவாய் என்றுதான் வரவில்லை. நீ கோபத்தோடு இருந்தாலும் சரி, மறுபடி ஒருமுறை கேட்டால் வருகிறேன். குழந்தையை உட்கார்ந்துகொண்டுதான் வாங்குவேன், பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

பேனா இந்தக் குளிரில் தாங்கும் என்று நினைக்கிறேன், உறுதி கொடுக்க மாட்டேன். விரிசல் விட்டால் என்னிடமே சொல்.

அடுத்த ஞாயிறு போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவைப் பற்றி உனக்கு என்னென்ன கேட்க வேண்டுமோ கேள். சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்காதே, சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

அப்பா